தக்காளியின் பழைய துறை

அய்யலூர் சந்தையில் பெட்டி பெட்டியாக இறங்கும் தக்காளி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வாய்க்கால் ஓரத்தில் மண்டிக் கிடக்கும் தேள்கொடுக்கு. தாவர வகைப்பாட்டில் இந்த மூன்றையும் ஒரு காலத்தில் ஒரே துறையில் வைத்திருந்தார்கள். அதன் பெயர் பொலிமோனியேல்ஸ். இன்று அப்படி ஒரு துறையே இல்லை.

இதை வகுத்தவர்கள் லண்டன் கியூ தோட்டத்து ஜார்ஜ் பெந்தமும் ஜோசப் ஹூக்கரும். 1862 தொடங்கி 1883 வரை மூன்று தொகுதிகளாக வந்த ‘ஜெனரா பிளான்டாரம்’ அவர்களுடைய உழைப்பு. மரபணு என்ற சொல்லே பிறக்காத காலம் அது. கையிலிருந்தவை உலர்ந்த செடியும் உருப்பெருக்கியும்தான். பூவைப் பிரித்துப் பார்த்தே உறவு சொன்னார்கள்.

நீங்களும் பார்க்கலாம். ஒரு தக்காளிப் பூவைப் பறித்துக் கவிழ்த்துப் பாருங்கள். தனித்தனியாகத் தெரியும் மஞ்சள் இதழ்கள் அடியில் ஒன்றாக ஒட்டியிருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் பூ ஒரே மாதிரி தெரியும். மகரந்தத் தாள்கள் நடுவில் கூம்பாகக் குவிந்து நிற்கும். இதழ் எத்தனையோ, தாளும் அத்தனை. சர்க்கரைவள்ளிப் பூ புனல் வடிவம். இருந்தாலும் கணக்கு அதேதான். தேள் வால்போலச் சுருண்ட தண்டில் வரிசை கட்டும் தேள்கொடுக்கின் பொடிப் பூவிலும் அதே கணக்கு. இதழ் ஒழுங்கு குலைந்து, தாள்களும் குறைந்த எள்ளைப் பக்கத்திலிருந்த பெர்சனேல்ஸ் துறைக்குத் தள்ளிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், துறைக்குப் பெயர் கொடுத்த பொலிமோனியேசி குடும்பத்தில் தமிழக மண்ணுக்குச் சொந்தமான செடி ஒன்றுகூடக் கிடையாது. தோட்டத்தில் அழகுக்கு வைக்கும் ஃபிளாக்ஸ் அந்தக் குடும்பம். அதன் பூர்வீகம் அமெரிக்கா. அந்தத் துறையில் இருந்த ஊமத்தையும் கண்டங்கத்தரியும் யாரோ ஒருவர் வீட்டுப் பெயரில் குடியிருந்தன.

ஜே. எஸ். கேம்பிள் 1915-ல் சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிடத் தொடங்கியபோதும் பெந்தம்-ஹூக்கர் வரிசையையே பின்பற்றினார். 1925-ல் அவர் இறந்த பின் ஃபிஷர் என்பவர் அதை முடித்தார். திண்டுக்கல் சமவெளியின் செடிகளுக்குப் பெயர் தேடுகிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். தவறென்று சொல்ல மாட்டேன். செடியை அடையாளம் காண வயலில் நிற்பவனுக்குப் பூவின் கணக்குதான் கை கொடுக்கும்.

துறையைக் கலைத்தது டி.என்.ஏ. ஏபிஜி என்ற தாவரவியலாளர் குழு 1998-ல் தன் முதல் பட்டியலை வெளியிட்டது. ஃபிளாக்ஸ் எரிகேல்ஸ் துறைக்குப் போனது. நம் இலுப்பையும் மகிழமும் தேயிலையும் இருக்கும் துறை அது. தேள்கொடுக்கின் குடும்பம் பாவம், பதினெட்டு ஆண்டுகள் துறையே இல்லாமல் அலைந்து 2016-ல்தான் போராஜினேல்ஸ் என்று தனி வீடு பெற்றது.

தக்காளியும் சர்க்கரைவள்ளியும் மட்டும் பிரியவில்லை. இரண்டுமே இன்று சொலனேல்ஸ் துறையில் இருக்கின்றன. பெந்தமும் ஹூக்கரும் பூவைப் பார்த்தே கண்ட அந்த உறவை டி.என்.ஏ.வும் ஒப்புக்கொண்டுவிட்டது.

எள்ளும் துளசியும் எப்படி ஒரே துறைக்குள் வந்தன என்பது அடுத்த வாரம்.