உடல் மாற்றக் கதைகளும் உயிரின் நிலையும்

ஓருடம்பில் நின்ற உயிர் பிறிதோருடம்பிற் புகுந்து நிற்றலைக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றும், பரகாயப் பிரவேசம் என்றும் வழங்குவர். யோகசித்திகளுள் ஒன்றாக வைத்தெண்ணப்பெறும் இதனையே மேனாட்டுக் கதையாசிரியர் ஒரு நூற்றாண்டிற்கு மேலாக மருத்துவர்தம் கைவினையாக வைத்துக் கதைகள் பல புனைந்திருக்கின்றனர். மந்திரம் நின்ற இடத்து மருந்தும், யோகம் நின்ற இடத்து அறுவைக் கத்தியும் வந்து நின்றன. எனினும் அவை எழுப்பும் வினா பழைய வினாவே: உடம்பு மாறியபின் 'அவன்' எனப்படுவான் யாவன்? கதையளவில் நின்றவரை அவ்வினா பொழுதுபோக்காய் இருந்தது. ஒருவர் இருதயமும் கையும் மற்றொருவர் உடம்பிற் பொருத்தப்பெறும் இக்காலத்தோ, அது நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்பதாயிற்று. ஆகலின் அதன் வரலாற்றை முறையே நோக்குதல் பயனுடைத்து.

மேனாட்டில் இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவர் ஜான் லாக் (1632–1704) என்னும் ஆங்கிலத் தத்துவ நூலார். அவர் மருத்துவமும் பயின்றவர். ஆஷ்லி பிரபுவின் இல்லத்து மருத்துவராய் அமர்ந்து, 1668-ஆம் ஆண்டில் அப்பிரபுவிற்குச் செய்யப்பெற்ற அறுவையை உடனிருந்து நடத்துவித்தவர். தம் பெருநூலின் இரண்டாம் பதிப்பில் (1694) அவர் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தனர். அரசிளங்குமரன் ஒருவனது உயிர், தன் பழைய வாழ்வின் நினைவு முழுவதோடும், செருப்புத் தைப்பான் ஒருவனது உடம்பிற் புகுமாயின், செய்த வினைக்குப் பொறுப்பாம் ஆள் அவ்வரச குமரனே. அயலார் கண்ணுக்கோ அவன் செருப்புத் தைப்பவனே என்பது அது. நினைவின் தொடர்ச்சியே ஆளின் ஒருமை என்பது லாக்கின் துணிபு. தாமஸ் ரீட் என்பார் 1785-ல் இதனை மறுத்தார். இளமையில் அடியுண்ட சிறுவன், பின்னர்ப் போரிற் கொடி கைப்பற்றிய வீரனாயினான், முதுமையிற் படைத்தலைவனாயினான். வீரனுக்கு அடியுண்டது நினைவில் உளது. தலைவனுக்குக் கொடி கைப்பற்றியது நினைவில் உளது, அடியுண்டது மறந்து போயிற்று. நினைவே ஆளாயின், அத்தலைவன் அச்சிறுவன் ஆதலும் ஆகாமையும் ஒருங்கே நிகழவேண்டும். அது கூடாது என்றார் ரீட்.

இவ்வினாவை மருத்துவக் கதையாக்கியவருள் ஆர்தர் கானன் டாயில் குறிப்பிடத்தக்கார். எடின்பரோவில் மருத்துவம் கற்றுப் பட்டம் பெற்ற அவர், 1885-ல் வெளியிட்ட கதையொன்றில் உடலியல் பேராசிரியர் ஒருவர் தம்மையும் தம் மாணாக்கனையும் மயக்குறக்கத்தில் ஆழ்த்துகின்றார். வெளிப்பட்ட உயிர்கள் திரும்புங்கால் இடம் மாறிப் புகுகின்றன. முதியவர் உடம்பில் மாணாக்கன் குடித்துக் கூத்தாடுதலும், இளைஞன் உடம்பிற் பேராசிரியர் மதிப்பை எதிர்நோக்கி அவமதிப்பே பெறுதலும் நகையை விளைப்பன. ஈற்றில் இருவரும் தம்தம் உடம்பை எய்துகின்றனர்.

நகையாய்த் தொடங்கிய இதனை அச்சமாக மாற்றியவர் எச். ஜி. வெல்ஸ். ஹக்ஸ்லியிடம் உயிர்நூல் பயின்ற அவர் 1896-ல் எழுதிய கதையில், செல்வமிக்க முதியவராகிய எல்வெஷம் என்பார், ஈடன் என்னும் ஏழை மருத்துவ மாணாக்கனைத் தம் செல்வத்துக்கு உரியவனாக்குவதாகக் கூறி அழைக்கின்றார். அதற்கு முன்னர் அவன் உடல்நலம் மருத்துவரால் நன்கு ஆராயப்பெறுகின்றது. ஏன் என்பது அவனுக்குத் தெரியவில்லை. மதுவிற் கலந்த பொடியை உண்டு உறங்கிய இளைஞன், விழித்தெழுங்கால் பல்லிழந்து தளர்ந்த கிழவுடம்பில் தன்னைக் காண்கின்றான். 'யான் ஈடன்' என்று அவன் கூறுதலைப் பித்தர் உரையாகவே வீட்டார் கொள்கின்றனர். ஈற்றில் அவன் நஞ்சுண்டு மாய்கின்றான். அவனது இளமை உடம்பைக் கவர்ந்தவனும் வண்டியில் அடிபட்டு முன்னரே இறந்தொழிந்தான். லாக்கின் எடுத்துக்காட்டில் உடம்பு மாறுதல் தானே நிகழ்ந்தது. வெல்ஸ் கதையில் அது களவு. உடம்பைப் பொருள்போற் கவரலாம் என்னும் எண்ணம் எத்துணைக் கொடிதென்பது இங்குப் புலனாகின்றது.

பிரான்சு நாட்டு மொரீஸ் ரெனார் அறுவைக் கத்தியையே கருவியாக்கினார். 1908-ல் அவர் எழுதிய கதையில் மருத்துவன் ஒருவன் மனிதன் மூளையை எருதின் தலையிலும், எருதின் மூளையை மனிதன் தலையிலும் மாற்றி வைக்கின்றான். 1920-ல் எழுதிய மற்றொன்றில், இருப்புப்பாதை விபத்திற் கையிழந்த இசைவாணன் ஓர்லாக், தனக்குப் பொருத்தப்பெற்றவை கொலைத்தண்டம் பெற்றான் ஒருவன் கைகள் என்றறிந்து, அக்கைகள் தன்னையும் கொலைஞனாக்குமோ என்று நடுங்குகின்றான். அத்தண்டம் பெற்றவன் குற்றமற்றவன் என்பது கதையிறுதியில் வெளிப்படுகின்றது. கையிற் பாவம் இருந்ததில்லை. அச்சம் அனைத்தும் ஓர்லாக்கின் உள்ளத்தே இருந்தது.

கதை மெய்யாகத் தொடங்கியது பின்னர். 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கிறிஸ்டியான் பர்னார்டு என்னும் மருத்துவர், விபத்தில் இறந்த இளம்பெண் ஒருத்தியின் இருதயத்தை ஓர் ஆடவர்க்குப் பொருத்தினார். அவர் 18 நாள் உயிர் வாழ்ந்தார். பெண்ணின் இருதயம் பெற்றமையால் அவர் பெண்ணாகவோ வேறொருவராகவோ ஆயினாரல்லர். 1970-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராபர்ட் ஒயிட் என்பார் ஒரு குரங்கின் தலையை மற்றொரு குரங்கின் உடலிற் பொருத்தினார்; அது கண்டது, கேட்டது, கடிக்கவும் முயன்றது; முதுகுத் தண்டின் நரம்பு இணையாமையின் உடலை அசைக்க இயலாது சில நாளில் மாய்ந்தது. 1998-ல் பிரான்சின் லியோன் நகரில் ஒருவர்க்குப் பிறர் கை பொருத்தப்பெற்றது. அவரோ அக்கையினின்றும் தம் உள்ளம் பிரிந்துபட்டது என்று கூறி, மருந்துகளையும் கைவிட்டு, 2001-ல் அதனை அகற்றுவித்துக்கொண்டார். தசையும் நரம்பும் பொருந்தியும் 'எனது' என்னும் உணர்வு பொருந்தாதாயிற்று.

இனி, இக்கதைகளுக்கெல்லாம் பன்னூற்றாண்டு முற்பட்ட தமிழ் வழக்கு ஒன்று உண்டு. சேக்கிழார் அருளிய திருத்தொண்டர் புராணத்துத் திருமூலர் வரலாறே அது. கயிலையினின்றும் தென்றிசை நோக்கி வந்த யோகியார், காவிரிக்கரைச் சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் இறந்துகிடப்ப, ஆனிரை அவனைச் சூழ்ந்து கதறக் கண்டார். அவற்றின் துயர் நீக்குதல் ஒன்றே கருதி அவ்வுடம்பிற் புகுந்தார். பசுக்கள் களித்தன, மாலையில் தத்தம் மனை புகுந்தன. ஆயின் மூலன் மனைவியும் அவ்வுடம்பைக் கண்டாள். தன் கொழுநன் என்றே தொட அணுகினாள். தமக்கும் அவளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று அவர் விலக்கினார்; பொதுமடம் ஒன்றிற் சென்று யோகத்தமர்ந்தார். அவள் அன்றிரவு உறங்கினாளல்லள். மறுநாள் ஊராரிடம் முறையிட்டாள். அவரது நிலை கண்ட ஊரார் அவளுக்கு உண்மை கூறித் தேற்றினர். யோகியார் தாம் மறைத்துவைத்த பழைய உடம்பைத் தேடினார். அது திருவருளால் மறைந்திருந்தது.

எல்வெஷம் தன் வாழ்நாளை நீட்டிக்கப் பிறன் உடம்பைக் கவர்ந்தான். திருமூலரோ பிறிதுயிர்த் துயர்துடைக்க ஆவி நீங்கிக் கிடந்த உடம்பை மேற்கொண்டார். எல்வெஷம் பொய்கூறிப் பிறன் உரிமை அனைத்தும் கைக்கொண்டான்; திருமூலர் மெய்கூறி மூலனுக்குரிய மனையையும் மனைவியையும் தீண்டாது நீங்கினார். உடம்பைப் பெற்றமையால் அவ்வுடம்பின் உறவைப் பெற்றாரல்லர் என்பது அவர் ஒழுகிய நெறியாற் பெறப்படும். எனினும் அம்மகளின் துயரும் பொய்யன்று. அவள் அறிந்த முகமும் குரலும் அங்கிருந்தன, அவள் அறிந்த உயிர் அங்கில்லை. உடம்பை உயிரென்று கொள்ளும் உலகியல் மயக்கத்தின் முழு வருத்தத்தையும் அவ்வோரிரவில் அவள் நுகர்ந்தாள். ஊராரும் தேற்றினரேயன்றிக் கொழுநனைத் தரவல்லரல்லர்.

இம்மயக்கத்தை அறுத்தற்கே மெய்கண்டார் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தில் உடம்பின் வேறாய் உயிருண்டென்று நிறுவினார். 'எனது உடம்பு' என்று வேறுபடுத்துக் கூறுவான் ஒருவன் உளன். உடம்பு கிடப்பவும் உறக்கத்தில் நுகர்ச்சியும் தொழிலும் இல்லாமையின் உடம்பே அவன் ஆகான். நான்காஞ் சூத்திரத்திலோ, அந்தக்கரணங்களும் ஆன்மாவன்று என்றும், அமைச்சரோடு கூடிய அரசன்போல் அது கரணங்களோடு கூடி நிற்கும் என்றும் காட்டினார். இதனான் லாக்கின் நினைவுக் கொள்கைக்கும் விடை கிடைக்கும். நினைவு சித்தத்தின் தொழில், ஆன்மாவின் கருவி. அமைச்சன் அயர்ந்துழியும் அரசன் உளனாதல்போல, நினைவு ஒழிந்துழியும் நினைந்தவன் உளன். ரீட் கூறிய படைத்தலைவன் அடியை மறந்தும் அச்சிறுவனாகவே இருத்தல் இதனாற் பொருந்தும்.

முதுமையால் நினைவிழந்து மக்களையும் அறியாது கிடக்கும் தாயைச் 'செத்தாற்போல' என்று கைவிடத் துணிவார்க்கு இவ்வுண்மை பெரிதும் வேண்டப்படுவது. அவளது சித்தம் தளர்ந்தது, அவள் அழிந்தாளல்லள். பிறர் இருதயம் பெற்றுப் பிழைத்தார்க்கும் ஐயம் வேண்டா. பொருந்திய உறுப்பு அவர்க்குக் கருவியாகும், அவரை வேறாக்காது. ஈந்தாரோ, திருமூலர் ஆனிரைக்குச் செய்தது போல, தமக்கு இனி வேண்டாத ஒன்றாற் பிறர் துயர் துடைத்தவராவர்.