துப்பாக்கிக் கட்டை

துப்பாக்கி என்றால் நமக்கு இரும்புக் குழலே நினைவிற்கு வரும். நான் அதனைத் தாங்கும் மரக்கட்டையின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பிடி மெலியும் இடத்தில் கட்டை முறிந்தால், முற்காலத்து வேட்டைக்காரர் கைவினைஞரை நாடிச் செல்வார். அக்கைவினைஞர் அக்ரூட் மரத்தைச் செதுக்கி, அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே புதுக்கட்டை செய்து பொருத்துவார்.

1819-இல் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்துத் தாமஸ் பிளாஞ்சர்டு, மாதிரிக் கட்டையின் மேடுபள்ளங்களைப் புதுமரத்தில் அப்படியே பிரதிசெய்யும் கடைசல் இயந்திரத்தை அமைத்தார். ஸ்பிரிங்பீல்டு அரசு ஆயுதசாலை அதனை ஏற்றது. 1850-களில் இங்கிலாந்தின் என்பீல்டு தொழிற்சாலையும் அவ்வகை இயந்திரங்களை வரவழைத்தது. பல கைகளின் வேலையைப் பொறி மேற்கொண்டது.

ஆயினும், முறிந்த கட்டையை இழையோடு இழை பொருத்தி ஒட்டுவதற்கு இன்றும் தேர்ந்த கையும் கண்ணுமே வேண்டும். புதியது செய்யப் பொறி போதும். பழையதைக் காக்க மனிதன் வேண்டும் என்பதே என் துணிபு.