ஜீப்பும் கசடும்

முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில், பர்மா யுத்தமுனையில் கதாநாயகனுடைய ஜீப் நடுவழியில் நின்றுபோகும். ஜப்பானியரின் குண்டு எஞ்சினைத் துளைத்துவிட்டதாக எழுதியிருந்தேன். அத்தியாயம் முடிகிற இடமாயிற்றே, ஒரு குண்டாவது வேண்டாமா? வாசகர்கள் ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததாகப் பத்திரிகை ஆசிரியர் சொன்னார். அவர் எல்லாக் கதைகளுக்கும் அப்படித்தான் சொல்வார்.

அந்த வாரமே கோயமுத்தூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. பென்சில் எழுத்து. யுத்தத்தில் ஜீப் ஓட்டியவர் எழுதியது. குண்டு பட்டு நின்ற ஜீப்பைத் தாம் பார்த்ததில்லை என்றும், பெட்ரோலில் உள்ள கசடுதான் அதை நிறுத்தும் என்றும், நேரில் வந்தால் காட்டுவதாகவும் நாலு வரி.

படித்ததும் எனக்குக் கோபந்தான் வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கோயமுத்தூர் போக நேர்ந்தது. அதற்குள் கோபம் தணிந்து கொஞ்சம் வெட்கமும் வந்திருந்தது. கார்டிலிருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு போனேன்.

தகரக் கொட்டகை. பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். உள்ளே ஒரு பழைய ராணுவ ஜீப் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. யுத்தம் முடிந்ததும் ராணுவத்தார் ஏலத்தில் கழித்த வண்டி; நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவருடையது. சமதரையில் நன்றாக ஓடுகிறதாம். மேட்டில் ஏறும்போது திணறித் திணறி நின்றுவிடுகிறதாம். கால்மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்புகிறதாம்.

"வாங்க தம்பி. என் பேத்திதான் உங்க கதையைப் படிச்சுக் காட்டினாளுங்க. நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ஒரு குண்டுதான் எனக்கு ஒத்துக்கலீங்க" என்றார் பெரியவர்.

அவர் கையைத் துடைத்துக்கொள்வதற்குள் இந்த வண்டியின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய, லேசான, நாலு சக்கரமும் இழுக்கக்கூடிய வண்டி வேண்டுமென்று 135 கம்பெனிகளைக் கேட்டது. மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பென்ஸில்வேனியாவிலிருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி, கார்ல் பிராப்ஸ்ட் என்ற எஞ்சினீயரைப் பிடித்துப் படம் வரையச் செய்து, செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டியை ஒப்படைத்துவிட்டது. பிறகு நடந்தது உலக வழக்கந்தான். பெரிய ஆர்டர் வில்லிஸ் கம்பெனிக்கும் ஃபோர்டுக்கும் போயிற்று. யுத்தம் முடிவதற்குள் அவ்விருவரும் ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள். பாண்டத்தின் பெயரை இன்று வண்டிப் பித்தர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை.

நமக்கு வேண்டியது வண்டியின் வயிற்றைப் பற்றிய விஷயம். பெட்ரோல் டாங்கி டிரைவர் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. டிரைவர் பெட்ரோலின்மேலேயே உட்கார்ந்து யுத்தத்துக்குப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு குழாய். எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவே உள்ள தகட்டில் ஒரு கிண்ணம் தொங்குகிறது. அதுதான் பில்டர், அதாவது வடிகட்டி. அதைத் தாண்டித்தான் பெட்ரோல் பம்புக்கும், பிறகு கார்பரேட்டருக்கும் போகிறது.

பெரியவர் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி என் கையிலே கொடுத்துவிட்டார். "நீங்களே இறக்குங்க. குலுக்கிப்போடாதீங்க" என்றார்.

கிண்ணத்தில் மேலே பெட்ரோல்; அடியில், பெட்ரோலை விடக் கனமானதால், தனியாக ஒரு விரற்கடைத் தண்ணீர். அதற்கும் அடியில் காப்பித்தூள் போல் துரு. நடுவே ஒரு சின்னத் தண்டு. மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையே இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான இடைவெளி விட்டுச் செய்திருந்தார்கள். பெட்ரோல் அந்த இடுக்குகளில் நுழைந்து போகும். துரு வெளியே நின்றுவிடும். இப்போது இடுக்குகளே அடைத்துப்போயிருந்தன. மேட்டில் ஏறும்போதுதான் எஞ்சினுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். வேண்டிய சமயத்தில் கிடைக்கவில்லை.

தோட்டக்காரர் ஒரு புதிய பில்டரும் கொடுத்தனுப்பியிருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த காகிதம். குழாயை வெட்டி நடுவில் சொருகிவிட்டால் தீர்ந்தது. பெரியவர் அதைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை.

"அது மோசமா?" என்று கேட்டேன்.

"மோசமில்லீங்க. இதைவிடப் பொடியா வடிக்கும். ஆனா அடைச்சா தூக்கிப்போட்டுட்டு வேற வாங்கோணும். அங்க காட்டுக்குள்ள கடை எங்க இருக்குதுங்க?"

இந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சட்டென்று விஷயம் விளங்கிற்று. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் தொழிற்சாலை. இங்கே மலை, சேறு, மழை. ஆகையால் மாற்றவேண்டிய அவசியமே இல்லாத வடிகட்டியை வைத்துவிட்டார்கள். கழுவி மாட்டினால் போதும். 1944 பிப்ரவரியில் வெளியான அமெரிக்க ராணுவத்தின் ஜீப் கையேடு, பில்டரில் தங்கும் தண்ணீரையும் கசடையும் வடித்துவிடச் சொல்கிறது. பெட்ரோல் சுத்தமாக வராது என்று எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள்.

எதிர்பார்த்ததற்குக் காரணமும் உண்டு. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ராணுவம் பெட்ரோலை நாலு காலன் தகர டின்களில் அனுப்பிக்கொண்டிருந்தது. நம் வீட்டு மண்ணெண்ணெய் டின்னின் தம்பி. மெல்லிய தகரம், லாரி குலுங்கினால் பற்று விட்டுவிடும். கிடங்கிலிருந்து வண்டிக்கு வருவதற்குள் நூற்றுக்கு முப்பது பங்கு மணலுக்குப் போயிற்று என்று தளபதிகளே கணக்குப் போட்டார்கள். காலி டின்னில் மணலும் பெட்ரோலும் போட்டுக் கொளுத்திச் சிப்பாய்கள் தேநீர் காய்ச்சினார்கள். அந்த டின்னால் ஏற்பட்ட உருப்படியான பிரயோசனம் அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். ஜெர்மானியரிடமோ 20 லிட்டர் பிடிக்கும் உறுதியான எஃகுக் கேன் இருந்தது. மூன்று கைப்பிடி, அமுக்கினால் இறுகும் மூடி. பிடிபட்ட கேன்களைப் பார்த்துப் பிரிட்டிஷார் அதையே காப்பியடித்தார்கள். ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப் பெயர் ஜெர்ரி. கேனும் ஜெர்ரிகேன் ஆயிற்று.

நான் தகட்டுத் தண்டைத் துணியால் துடைக்கப் போனேன். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். துணியின் நூல் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளுமாம். சுரண்டினால் தகடு வளைந்துவிடுமாம். மண்ணெண்ணெயில் அலசி, வாயால் ஊதச் சொன்னார். நாலு தடவை ஊதினேன். வாயெல்லாம் நாற்றம்.

"இம்பாலுக்குத் தெற்கே திட்டிம் ரோடுங்க" என்று அவராகவே ஆரம்பித்தார். சுமார் 160 மைல் மலைப்பாதை அது. 1944 மார்ச்சில் ஜப்பானியர் அதைப் பின்னால் வந்து மறித்துவிட, பதினேழாவது இந்திய டிவிஷன் சண்டையிட்டுக்கொண்டே இம்பாலுக்குத் திரும்பிற்று. காயம்பட்டவர்களை ஜீப்பில் ஸ்ட்ரெச்சர் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

"எனக்கு இருபது வயசு. பின்னால ரெண்டு பேரு. ஏத்தத்துல வண்டி நின்னு போச்சு. கிண்ணத்தைக் கழட்டி ஊதிட்டு இருக்கேன், ஒருத்தன் தண்ணி கேட்டான். கையெல்லாம் பெட்ரோலு. தண்டைக் கீழே வச்சா மண்ணு ஒட்டிக்கும். இருடா, ஆயிருச்சு, ஆயிருச்சுன்னு சொல்லிட்டே மாட்டினேனுங்க. மாட்டி முடிச்சு, கையைத் துடைச்சுட்டு, தண்ணிப் பாட்டிலை எடுத்துட்டுப் போனேன். அவனுக்கு வேண்டியிருக்கலீங்க."

சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. நானுந்தான். பிறகு, "மத்தவன் பொழைச்சுட்டான்" என்றார்.

கிண்ணத்தின் வாயிலிருந்த பழைய பேக்கிங் காய்ந்து வெடித்திருந்தது. அதை மட்டும் புதிதாக வெட்டிப் போட்டார். பில்டர் பம்புக்கு முன்னால் இருப்பதால், பேக்கிங் சரியில்லை என்றால் பெட்ரோல் வெளியே ஒழுகாது. காற்றை உள்ளே இழுத்துவிடும். வண்டி மறுபடியும் திணறும், காரணமும் கண்ணுக்குத் தெரியாது. திருகைக் கடைசியாக இறுக்கும் வேலையை மட்டும் அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

மாலையில் மருதமலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு தடவை கூட நிற்கவில்லை.

தொடர்கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். குண்டை எடுத்துவிட்டுக் கசடைப் போட்டேன். விறுவிறுப்புக் குறைந்துவிட்டது என்று பதிப்பாளர் குறைப்பட்டுக்கொண்டார். தண்ணீர் கேட்டவனை மட்டும் எழுதவில்லை. பெரியவர் அதைக் கதைக்காகச் சொல்லவில்லை. பெரியவர் காலமாகி இப்போது பல ஆண்டுகள் ஆகிவிட்டன.