தீச்சட்டியும் தொல்குடிச் சடங்கும்

தீப்பொறிக்கு அஞ்சித் தொழில் செய்யும் வட்டாரம் நம்முடையது. ஆயினும் பங்குனிப் பொங்கலில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் முன்னர் அந்நெருப்பையே மக்கள் சட்டியில் ஏந்துகின்றனர். மூடப்பழக்கம் என ஒதுக்குவது எளிது. இவ்வழக்கம் மனிதக் குலத்துக்கு ஏன் வாய்த்தது என்பதற்கு அது விடையாகாது.

கோட்பாடு பிறந்து சடங்கு வந்ததா, சடங்கின் வழியே கோட்பாடு பிறந்ததா? துருக்கியின் கோபெக்லி தெப்பேயில் ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன்பே, உழவறியாத வேட்டைக்குடிகள் கூடிக் கற்றூண்களை நிறுத்தினர். குரங்குகள் பேன் பார்த்து உறவு வளர்க்கின்றன. பெருங்கூட்டத்தில் அது இயலாது. ஒருசேர ஆடிப்பாடுகையில் உடலில் சுரக்கும் எண்டார்பின் அக்குறையை நிரப்பிற்று என்பார் ராபின் டன்பர். தொல்காப்பியம் கூறும் வெறியாட்டையும் குரவையையும் இவ்வொளியில் காணலாம்.

மொரீசியசுத் தமிழரின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. காவடி எடுத்தோரும் உடன்சென்றோரும், கூட்டு வழிபாட்டில் மட்டும் இருந்தோரைவிட மிகுதியாக நன்கொடை ஈந்தனர். பெருவலி உணர்ந்தோர் பின்னும் மிகுதியாக. நம் நாடார் வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவென மகமை திரட்டிக் கோயிலும் பள்ளியும் கண்டதை இங்கு நினையாதிருக்க இயலவில்லை.

ஆனால் பிணைக்கும் சடங்கு எல்லையும் வகுக்கும். சிவகாசி விசுவநாதர் கோயிலுக்குள் நுழைய நாடார்க்கு உரிமை மறுக்கப்பட்ட பூசல் 1899-இல் கலவரமாய் வெடித்து உயிர்களைக் கொண்டது. நாற்பதாண்டுகளுக்குப் பின், 1939 சூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றோருள் தாழ்த்தப்பட்டோர் ஐவருடன் நாடார் ஒருவரும் இருந்தார்.