கத்திமுனையில் ஒரு செபம்

வாழ்த்து மடல் அச்சகத்தில் பிறந்த பொருள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், வெட்டுப்பூ வேலை செய்த கைம்மடலின் மூத்த உறவைத் தேடிச் சென்றால், துறவு மடங்களின் வாசலில் போய் நிற்போம்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சு, தென் செருமனி முதலிய பகுதிகளின் கன்னியர் மடங்களில், அருள்சகோதரியர் தோல்தாளையும் காகிதத்தையும் சிறு கத்தியால் பின்னல் வேலைபோல நுணுக்கமாக வெட்டினர். நடுவே இயேசுவின் திரு இதயத்தையோ ஒரு புனிதரையோ வண்ணத்தில் தீட்டினர். பிரெஞ்சு மொழியில் இவற்றுக்குக் 'கனிவே' என்று பெயர். சிறு கத்தியைக் குறிக்கும் சொல் அது. விழா நாள்களில் இவை அன்பளிப்பாயின. கத்தி ஒருமுறை தவறினால் செய்த வேலையெல்லாம் பாழ். அங்கே பொறுமையே செபமாயிற்று.

பிரெஞ்சுப் புரட்சி அந்நாட்டு மடங்களை மூடியது. 19ஆம் நூற்றாண்டில் பாரிசு அச்சகங்கள் அதே பின்னல் விளிம்பை உலோக அச்சால் அழுத்தி வெட்டின. சோழவரம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதிகளில் வாழ்வோருக்கு 'டை' என்னும் சொல் புதிதன்று. தகட்டை ஒரே அழுத்தில் வடிவாக வெட்டும் அந்த அச்சின் காகித வடிவமே இது. இதனை இழப்பு என்று மட்டும் கூறலாகாது. விலை குறைந்ததால் ஏழையின் செபப் புத்தகத்திற்குள்ளும் திருப்படம் நுழைந்தது.

1843இல் இலண்டனில் என்றி கோல் என்பவர், ஓவியர் ஆர்சிலியைக் கொண்டு முதல் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து மடலை அச்சிட்டார். ஒரு மடலின் விலை ஒரு சில்லிங். அக்காலத்தில் அது 12 கடிதங்களுக்கான அஞ்சற்கட்டணம். நடுவே ஒரு குடும்பம் திராட்சை இரசம் அருந்தும் காட்சி. குழந்தைக்கும் இரசம் தரப்படுவதைக் கண்டு மதுவிலக்கு அன்பர்கள் சினந்தனர். ஆனால், அதன் இரு ஓரங்களை நாம் மறக்கலாகாது. ஒருபுறம் பசித்தோர்க்கு உணவு. மறுபுறம் ஆடையற்றோர்க்கு ஆடை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரமே அங்கு ஓவியமாக நின்றது. பின்வந்த மடல்களில் பனியும் மணியும் பெருகின. அந்த ஏழைகளை அரிதாகவே காண்கிறோம்.

தமிழகத்தில் இவ்வரலாறு சிவகாசி வழியாக வளர்ந்தது. 1920களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பெட்டிமேல் ஒட்டும் வண்ணச் சீட்டுகளின் தேவையால் அச்சுத்தொழில் செழித்தது. பொங்கல் வாழ்த்தும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்தும் சிற்றூர்க் கடைகளிலும் தொங்கின. இன்றோ கைப்பேசியில் ஒரு தொடுதலில் நூறு பேருக்கு வாழ்த்துப் போய்விடுகிறது. வேகம் தவறன்று, ஆனால், நூறு பேரில் ஒருவரையேனும் நாம் நினைத்தோமா என்பதே வினா.

கையால் செய்யும் மடல் அந்த வினாவுக்கு விடை தருகிறது. பெருஞ்செலவும் வேண்டியதில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, வண்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால், பெத்லகேமின் விண்மீன் பதிந்துவிடும். மறைக்கல்விச் சிறுவனும் செய்யலாம். கண் மங்கிய பாட்டியும் செய்யலாம். தாளை மடித்து, வெட்டி, ஒட்டி முடிக்கும் அரைமணி நேரமும் அதைப் பெறப்போகும் ஒருவர் நம் உள்ளத்தில் இருப்பார்.

அவர் யார்? மடல் திருப்பி அனுப்பக்கூடியவர் மட்டுமா? முதல் மடலின் ஓரத்தில் நின்றவர்களுக்கும் ஒன்று செய்வோம். அதை அஞ்சலில் சேர்க்காமல், உணவோடும் ஆடையோடும் நாமே கொண்டுசென்று கொடுப்போம்.