மிராண்டா–ஹாஸ்கெல் நிரல் மாற்றம்

மிராண்டா என்ற சார்புவழி நிரல்மொழியில் எழுதிய நிரல்களை, அதன் வழிவந்த ஹாஸ்கெல்லுக்கு மாற்றும் பணி. தேவைப்படும்போது மட்டுமே கோவையைக் கணிப்பது இரு மொழிகளுக்கும் பொது இயல்பு. அதனால் நிரலின் ஓட்டம் அப்படியே இருக்கும். குறியீடுகளும் தரவினங்களும்தான் மாறும்.

மிராண்டாவை 1985இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டர்னர். அவரது நிறுவனம் அதை விலைக்கு விற்றது. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் கூடிய ஆய்வாளர்கள், எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க பொதுமொழி ஒன்று வேண்டுமென முடிவு செய்தனர். மிராண்டாவையே அடிப்படையாகக் கொள்ள டர்னரை அணுகினர், அவர் இசையவில்லை. ஆகவே, தருக்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயரில் புதுமொழி ஒன்றை வகுத்து, அதன் முதல் அறிக்கையை 1990 ஏப்ரல் 1 அன்று வெளியிட்டனர். பாடநூல்களும் இதே வழியில் சென்றன. ரிச்சர்ட் பேர்டும் ஃபிலிப் வாட்லரும் 1988இல் மிராண்டாவை ஒட்டிய குறியீட்டில் எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பு, 1998இல் ஹாஸ்கெல்லில் வந்தது. சைமன் தாம்சன் 1995இல் மிராண்டாவுக்கு எழுதிய பாடநூலுக்கு அடுத்த ஆண்டே ஹாஸ்கெல் வடிவம் தந்தார்.

குறியீட்டு மாற்றம் எளிதுபோலத் தோன்றினாலும் ஆபத்தானது. மிராண்டாவில் || குறிப்புரையைத் தொடங்கும்; ஹாஸ்கெல்லில் அதுவே 'அல்லது'. மிராண்டாவில் -- ஒரு பட்டியலிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும். ஹாஸ்கெல்லில் அது குறிப்புரை. கழித்தல் குறியை மாற்ற மறந்தால் அதற்குப் பின்னுள்ள பகுதி குறிப்புரையாகிவிடும். நிரல்பெயர்ப்பி பிழை காட்டாமலே விடை தவறிப்போகலாம். குறிப்புரைகளை மாற்றுவதற்கு முன் மிராண்டாவின் 'அல்லது' குறிகளை || என மாற்றினாலும் இதே கேடுதான்.

எண்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. மிராண்டாவில் முழு எண்ணுக்கும் பின்ன எண்ணுக்கும் சேர்த்து ஒரே தரவினம். முழு எண்ணுக்கு அளவு வரம்பும் இல்லை. ஹாஸ்கெல்லில் 'இன்ட்' (வரம்புள்ள முழு எண்), 'இன்டிஜர்' (வரம்பற்ற முழு எண்), 'டபுள்' (பின்ன எண்) எனப் பிரித்தாக வேண்டும். 64 பிட் 'இன்ட்'டைத் தேர்ந்தால் 21இன் தொடர்பெருக்கமே அதில் அடங்காது. இந்தத் தேர்வைத் தானியங்கிக் கருவியிடம் விடக்கூடாது. நிரலின் நோக்கம் அறிந்தவரே முடிவு செய்ய வேண்டும்.

இப்பணிக்குத் தேவையான ஹாஸ்கெல்லைத் தமிழ்நாட்டில் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகம் கற்பிக்கிறது. அதன் பேராசிரியர்கள் மாதவன் முகுந்தும் எஸ். பி. சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் பாடத்தை, எவரும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒருகாலத்தில் விலைக்கு விற்கப்பட்ட மிராண்டாவின் மூலநிரலும் 2020இல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது.