புதன்கிழமை இரவு எட்டு மணி

மும்பாய் நகரில் 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி அமீன் சயானி காலமானார். வயது 91. அவர் மறைவைக் குறித்து எழுதியவர்களும் பேசியவர்களும் அவர் பெயரோடு இலங்கை வானொலியின் பெயரையும் சேர்த்தே சொன்னார்கள். பம்பாயிலே பிறந்து, பம்பாயிலே வாழ்ந்து, பம்பாயிலே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசிய ஒருவரை, இந்தி பேசும் கோடிக்கணக்கான மக்கள் கொழும்பின் குரலாக அறிந்திருந்தது எவ்வாறு? அதற்கு விடை காண ஒரு போரையும், ஓர் அமைச்சரையும், ஒரு பற்பசையையும் நினைவுகூர வேண்டும்.

முதலிலே போர். இரண்டாவது உலகப் போரின் பிற்பகுதியில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இலங்கையில் இயங்கியது. பர்மாவிலும் அப்பாலும் இருந்த போர்வீரர்களுக்குச் செய்தியும் இசையும் அனுப்பும் பொருட்டு, ஏக்கல என்னுமிடத்தில் 100 கிலோவாற்று வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டது. அது முழுவலுவுடன் ஒலிக்கத் தொடங்கிய காலத்திலோ போர் முடிந்துவிட்டது. வீரர்கள் வீடு திரும்பினர். ஒலிபரப்பி மட்டும் இருந்தது. 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிற்றலைக்கு ஓர் இயல்பு உண்டு. வான்மண்டலத்தின் மேலடுக்கிலே பட்டுத் திரும்பி நெடுந்தொலைவிலே இறங்கும். பக்கத்து ஊரில் மங்கலாகக் கேட்கும் ஒலி, ஆயிரம் மைலுக்கு அப்பால் தெளிவாகக் கேட்கும். ஏக்கலவிலிருந்து புறப்பட்ட அலை டில்லியிலும் பாட்னாவிலும் இறங்கியது இதனாலேயே. போர்வீரருக்கென அமைத்த கருவிக்கு இனி வேலை வேண்டும்; வேலைக்கு வருமானமும் வேண்டும். 1950ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி வர்த்தக சேவை தொடங்கிற்று. அவுஸ்திரேலியரான கிளிபர்ட் டொட் அதனை நடத்தினார்.

அடுத்து அமைச்சர். பாலகிருஷ்ண விஸ்வநாத கேஸ்கர் 1952இல் இந்தியாவின் செய்தி, ஒலிபரப்பு அமைச்சரானார். பத்தாண்டுகள் அப்பதவியில் இருந்தார். அவர் சங்கீதம் அறிந்தவர். மன்னர்களும் சமஸ்தானங்களும் மறைந்தபின் வித்துவான்களைப் புரப்பார் யார் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. அகில இந்திய வானொலியைப் புதிய அரசவையாக்கி, சாஸ்திரிய இசைக்கு நாடளாவிய நிகழ்ச்சிகளை ஏற்படுத்தினார். இதுவரை எவரும் குறைசொல்வதற்கில்லை. ஆயின், நல்லதை வளர்ப்பதற்கு அல்லாததை அகற்றுவதே வழியென்று அவர் எண்ணினார். சினிமாப் பாட்டு மலிவானது, மேனாட்டு இசையைத் திருடிக் கலந்தது என்பது அவர் கருத்து. வானொலியில் அதற்குரிய நேரம் வெட்டப்பட்டது. எஞ்சியவற்றை ஒலிபரப்பும்போதும் படத்தின் பெயரைச் சொல்லலாகாது, அது விளம்பரமாகும் என்ற விதி வந்தது. படத் தயாரிப்பாளர்கள் சினங்கொண்டு, பாடல்களை ஒலிபரப்பும் உரிமையை மீட்டுக்கொண்டனர். இரண்டு தரப்பும் பிடிவாதம் பிடித்ததில், சில மாதங்களுக்குள் இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

மக்கள் பாட்டை விடவில்லை. பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள். வானொலிப் பெட்டியுள்ள பத்து வீடுகளில் ஒன்பதில் இலங்கை வானொலி ஒலிக்கிறது, பத்தாவது வீட்டுப் பெட்டி பழுதாகிக் கிடக்கிறது என்றொரு வேடிக்கைப் பேச்சு அந்நாளில் இந்தியாவில் வழங்கியது.

தமிழ்நாட்டின் கதையும் அதுவே. அங்குள்ள வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் கொழும்பின் தமிழ் வர்த்தக சேவை ஒலித்தது, எஸ். பி. மயில்வாகனத்தின் பெயர் யாழ்ப்பாணத்தில் அறிமுகமான அளவுக்கு மதுரையிலும் அறிமுகமாயிற்று. அது தனியே சொல்லத்தக்க பெருங்கதை. இந்திச் சேவைக்கோ வேறொரு சிக்கல் இருந்தது: நேயர்களும் விளம்பரதாரரும் பாட்டுக்காரரும் எல்லோரும் இந்தியாவில், ஒலிபரப்பி மட்டும் இலங்கையில். ஆகவே பம்பாயிலேயே நிகழ்ச்சிகள் நாடாவிற் பதிவாகி, விமானமேறிக் கொழும்புக்கு வந்து, மீண்டும் வானலையேறி இந்தியாவுக்கே சென்றன. பம்பாயிற் பேசியதைப் பம்பாய்க்காரர் கேட்பதற்குக் கடலைத் தாண்டி இவ்வளவு சுற்று!

சிபா நிறுவனத்தின் பினாகா பற்பசைக்கு ஒரு பாட்டு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. ஆங்கிலப் பாடல்களுக்கு ஏற்கெனவே அப்பெயரில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. இந்தியிலும் அதுபோன்றொன்று தேவைப்பட்டது. ஊதியம் வாரத்துக்கு 25 ரூபா. எழுதுவதும், பேசுவதும், வரும் கடிதங்களைச் சரிபார்ப்பதும் அந்த 25 ரூபாவுக்குள் அடங்கும். அனுபவம் உள்ளவர் எவர் இதற்கு இசைவர்? இருபது வயது நிரம்பாத அமீன் சயானி இசைந்தார். ஆங்கில ஒலிபரப்பிற் பெயர்பெற்ற ஹமீத் சயானியின் இளைய சகோதரர் அவர்.

1952ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் திகதி, புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு, பினாகா கீத்மாலா முதன்முறை ஒலித்தது. ஏழு பாடல்கள், வரிசை குலைத்துத் தரப்படும். நேயர்கள் அவற்றை முறைப்படுத்தி எழுதவேண்டும். பரிசு நூறு ரூபா. நாற்பது ஐம்பது கடிதங்கள் வந்தாற் போதுமென்றிருந்தவர்களுக்கு ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தன. பின்னர் வாரமொன்றுக்கு 65,000 வரை பெருகின. இத்தனையையும் பிரித்துப் பார்ப்பது மனிதரால் ஆகாத செயல். போட்டியைக் கைவிட்டு, 1954 முதல் வாரந்தோறும் பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் முறை கைக்கொள்ளப்பட்டது. தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கே முதலில் அடிப்படை. கடையிலே தட்டு தீர்ந்துவிட்டால், விரும்பப்படும் பாட்டும் கணக்கிலே தாழ்ந்துவிடும் என்பது விரைவில் விளங்கிற்று. எனவே ஊர்தோறும் கிளம்பிய நேயர் மன்றங்களின் வாக்குகளும் சேர்க்கப்பட்டன. பீகாரில் அப்போதிருந்த ஜும்ரி தலையா என்னும் சுரங்க நகரம், விருப்பக் கடிதம் எழுதியே நாடெங்கும் பெயர் பெற்றது.

பாட்டினால் மட்டும் இது நிகழவில்லை. பாட்டு எல்லோரிடமும் இருந்தது. மொழி சயானியிடம் இருந்தது. அவர் தாயார் குல்சும் சயானி, காந்தியடிகளின் வழிநின்று முதியோர் கல்விக்காக உழைத்தவர். புதிதாக எழுத்தறிந்தோர் வாசிக்கும் பொருட்டு ‘ரஹ்பர்’ என்றொரு பத்திரிகையை நடத்தினார். மொழி எளிய ஹிந்துஸ்தானி. எழுத்தோ தேவநாகரி, உருது, குஜராத்தி என மூன்று. அப்பத்திரிகை வேலையில் உதவிய சிறுவன், எளியவருக்கும் எட்டும் சொல் எது, எட்டாத சொல் எது என்பதை அங்கேதான் கற்றான். அதே காலத்தில் இந்திய வானொலியின் இந்தி, சமஸ்கிருதச் சொற்களைச் சுமந்து, செய்தி கேட்போரை அகராதி தேடவைத்தது. சயானி ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்று விளித்துப் பேசத் தொடங்கினார். பெண்களை முதலில் விளித்தது அக்காலத்துக்குப் புதுமை. மாடிப்படி ஏறுவதுபோல ஒவ்வொரு பாடலையும் ஒரு படியில் நிறுத்தி, முடிசூடிய பாடலை இறுதியில் வைத்தார். இன்றைய தொலைக்காட்சியும் இந்தக் கீழிருந்து மேலேறும் வித்தையை விட்டபாடில்லை. இன்னுமொரு செய்தி: இவர் இளமையில் அகில இந்திய வானொலியின் இந்திப் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது, உச்சரிப்பிலே குஜராத்தியும் ஆங்கிலமும் கலந்திருக்கின்றன என்று திருப்பி அனுப்பப்பட்டவர்.

டில்லி ஐந்தாண்டு பொறுத்தது. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி விவித்பாரதி என்னும் சேவை தொடங்கிற்று. சினிமாப் பாட்டு திரும்பி வந்தது. கேஸ்கர் அப்போதும் அமைச்சரே. தம் கொள்கையின் தோல்வியைத் தாமே ஒப்பிச் சீர்செய்யும் அமைச்சர்கள் அரியர். அதனை அவர் கணக்கிலே வரவு வைப்பதே நீதி. 1967இல் அங்கும் விளம்பரங்கள் வந்தன. பாட்டுக்காக இனி எவரும் கொழும்பைத் தேடவேண்டிய கட்டாயம் இல்லை. ஆயினும் புதன்கிழமை இரவில் முள் தெற்கே திரும்புவது பல்லாண்டுகள் நிற்கவில்லை. காற்றொலியும் கரகரப்பும் இடையிட்ட அந்தச் சிற்றலையை, அருகிலிருந்த தெளிவான நிலையத்தை விடுத்து மக்கள் கேட்டார்கள்.

1989இல் கீத்மாலா விவித்பாரதிக்கே இடம்பெயர்ந்தது. ஒருகால் உச்சரிப்பு சரியில்லை என்று திருப்பியனுப்பிய வானொலியிலேயே அந்தக் குரல், முப்பத்தேழு ஆண்டுகளின் பின், அதே உச்சரிப்புடன் அதே சகோதரிகளையும் சகோதரர்களையும் விளித்தது.